அயனி மண்டலம் விரதம் இருக்கும் கிழமைகள்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
புதன்கிழமை மாலை

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி நாகராஜ் அவர்களுக்கு,

புருஷோத்தமன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் மேனகாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை முகிலனும், எங்கள் அபியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நெல்லித்தோப்புக்கும் மூலக்குளத்துக்கும் நடுவில் என்ன பெரிய தூரம், கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொல்லத்தான் நேற்று மூன்று முறை முயன்றேன். முதல் முறை எடுத்தது அபி. "இன்னாப்பா இப்படிக் கத்தற? தெருக்கோடி வரைக்கும் கேக்குது" என்றாள். நான் சாதாரணமாகத்தான் பேசினேன், அவள் வீட்டுப் போன் அப்படி. இரண்டாம் முறை தாங்களே எடுத்தீர்கள். "சொல்லுங்க சம்பந்தி, அயனி மண்டலம் எப்படி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் மூலக்குளத்தில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் முறை மணி அடித்ததும் நானே துண்டித்துவிட்டேன். யாரோ விளையாடுகிறார்கள் என்று தாங்கள் நினைத்திருந்தால், அது நான்தான். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். நாளை காலை மேனகா அபியைப் பார்க்க வரும்போது இதைக் கொண்டுவருவாள்.

சுற்றி வளைக்காமல் முதலில் இரண்டு வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வரும் ஞாயிறு கூட்டத்தில் நம் நெடுந்தொலைவு நேயர் வட்டத்தின் சார்பாக அந்தப் பாக்கெட் ரேடியோவை எல்லா உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஆர்டர் செய்யப்போகிறீர்கள் அல்லவா, அதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். இரண்டு, நம் வட்டத்து ஜானகிராமன் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறார். அவரைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் காது நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது என் அறிக்கை.

ஆதியிலிருந்து சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு தங்கள் வீட்டு மாடியில் கூடுகிற நாம் பதினோரு பேரும் மீடியம் வேவில் யார் எவ்வளவு தூரத்து நிலையத்தைப் பிடித்தோம் என்று பேசிக் கலைகிற ஆட்கள். அந்தக் கூட்டத்தில் தாங்கள் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு ரேடியோவை எடுத்து வைத்து, இதை நம்மில் ஒருவர் மூன்று வாரம் சோதித்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும், நன்றாக இருந்தால் எல்லோரும் வாங்கலாம் என்று சொன்னீர்கள். பத்துக் கை நீண்டது. தாங்கள் என்னிடம் கொடுத்தீர்கள். சம்பந்தி என்பதால் கொடுத்தார் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்களாம். என் காதில் விழவில்லை, மேனகா சொல்லித்தான் தெரியும். மில் டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதினேன். மில்லை மூடிய பிறகு ஒரு லாட்ஜில் யார் எந்த அறையில் தங்கினார்கள் என்று எழுதினேன். ஒரு விஷயத்தைக் கொடுத்து, "உன் அபிப்பிராயம் என்ன?" என்று என்னை யாரும் கேட்டதில்லை சம்பந்தி. அதனால்தான் அந்த ரேடியோவை வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது.

முதல் வாரம் வீட்டுக்குள் சோதித்தேன். எல்.இ.டி. விளக்கைப் போட்டால் கர் என்கிறது, சார்ஜரைச் செருகினால் கொர் என்கிறது, டி.வி. பெட்டியைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து வருகிறது. ஆகவே தினமும் மாலை ஆறரை முதல் எட்டு வரை வீட்டில் மின்சாரம் கூடாது என்று உத்தரவு போட்டேன். மேனகா ஆறு நாள் சீரியல் பார்க்காமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவரைக்காய் நறுக்கினாள். ஏழாம் நாள் ஏதோ சொன்னாள். அவள் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். முகத்தைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொண்டு ரேடியோவுடன் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

எங்கள் மொட்டை மாடி தங்களுக்குத் தெரியும். அபி கல்யாணத்துக்குள் மேலே ஒரு அறை எழுப்பிவிடலாம் என்று தூண்களில் விட்டு வைத்த கம்பிகள் இன்னும் நான்கு மூலையிலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தென்கிழக்கு மூலைக் கம்பியில் ரேடியோவை அதன் வாரால் மாட்டினேன். அந்தக் கம்பியில் ஏற்கெனவே வேறு ஒன்றும் மாட்டியிருந்தது. அது என்ன என்று பிறகு சொல்கிறேன், அதைச் சொல்லத்தானே இவ்வளவும் எழுதுகிறேன். சூரியன் மறைந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒலிச் சக்கரத்தை வழக்கம்போல் கடைசி வரை திருகி, முள்ளை நகர்த்தினேன். இலங்கை வந்தது. மலையாளம் வந்தது. தெலுங்கில் ஒரு அம்மாள் உரம் போடுவதைப் பற்றிப் பாடமே எடுத்தாள். அதற்கப்புறம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எந்த நாட்டு மொழி என்றே தெரியாத ஒரு பாட்டு, பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் வந்தது. உள்ளங்கை அகலப் பெட்டி இத்தனையும் பிடித்தால் நான் என்ன நினைப்பேன்? பெட்டியின் திறமை என்று நினைத்தேன். அதைக் கண்டுபிடித்தது என் திறமை என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்றும் வரவில்லை, வெறும் இரைச்சல். புதன், வியாழன் பிரமாதம். வெள்ளிக்கிழமை மறுபடியும் இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை எழுதி மாளவில்லை, முப்பத்தோரு நிலையங்கள். அடுத்த வாரமும் அச்சு அசல் அப்படியே. நடுவில் ஒரு திங்கட்கிழமை திடீரென்று செத்துக் கிடந்தது. நாட்காட்டியைப் பார்த்தால் அமாவாசை. சம்பந்தி, அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. தாங்கள் கூட்டத்தில் விளக்கியிருக்கிறீர்கள், வானத்தில் அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கிறது, சூரியன் போன பிறகு தூரத்து அலைகள் அதில் பட்டுத் திரும்பி வருகின்றன என்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது பக்க அறிக்கை, அபியின் பழைய ஸ்கெட்ச் பேனாக்களால் நான்கு வண்ண வரைபடம். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியதை இப்போது மனப்பாடமாகவே சொல்ல முடியும்: 'புதுச்சேரிக்கு மேலுள்ள அயனி மண்டலம் செவ்வாய், வெள்ளி, அமாவாசை ஆகிய தினங்களில் ஓய்வு எடுக்கிறது. நம் முன்னோர் இத்தினங்களில் விரதம் இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அறிஞர்கள் ஆராய்க. கருவிக்கு ஐந்துக்கு ஐந்து.'

அதைத் தாங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தீர்கள். கை தட்டினார்கள். மாப்பிள்ளை அதை வீடியோ எடுத்தார். "இந்தப் பொறுமை எங்க சம்பந்தியத் தவிர யாருக்கு வரும்" என்று தாங்கள் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி அந்த வீடியோவைப் பதினாலு தரம் பார்த்தேன்.

இனி ஜானகிராமன் விஷயம். மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருஷம் பிறப்பு இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த மனிதர், சும்மா யாரையும் குறை சொல்லாதவர். ஆர்டர் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மறுநாளே சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு மாலை எனக்குப் போன் செய்தார். "சார், ஒண்ணுமே கேக்கல சார். ஸ்ஸ்னு சத்தந்தான் வருது" என்றார். கிழமை சரிதானா என்று விசாரித்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்போது நான் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை, டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள் உட்கார்ந்து லேட்டாக வந்தவனிடம் பேசுகிற குரலில் சொன்னேன்: "கருவி மேல குறை இல்ல சார். மொதல்ல காத காட்டுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து அவர், "எழுவத்தொண்ணு ஆவுது இல்ல. இருக்கும் சார், இருக்கும்" என்றார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் என்னை நம்பினார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் யார் பேசினாலும் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். பேத்தி இனியா கூப்பிட்டால், "சத்தமா சொல்லும்மா, தாத்தாவுக்குக் காது போச்சு" என்கிறாராம். என் ஒன்பது பக்கம் அந்த மனிதரைச் செவிடாக்கிவிட்டது.

போன ஞாயிறுதான் உண்மை தெரிந்தது. எங்களுக்குப் பக்கத்து வீட்டு அங்கம்மாளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள், நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் கடை போட்டிருப்பவள், பிறந்த ஊர் பிள்ளைச்சாவடி. இந்தத் தெருவிலேயே தெளிவாகப் பேசுகிற ஒரே ஆள். விடியற்காலம் போய் மீன் எடுத்து, விற்று முடித்து, மூன்று மணிக்கு வந்து படுத்து எழுந்து, மீன் வாடை அடிக்கிற துணிகளை அந்தியில் துவைத்து, ராத்திரி முழுக்கக் காற்றில் விட்டுவிடுவாள். அதற்கு அவள் புருஷன் குப்பன் படகில் மிஞ்சிய கம்பி ஒன்றை அவர்கள் மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து எங்கள் தென்கிழக்கு மூலைக் கம்பி வரை அறுபது அடிக்கு இழுத்து, எங்கள் பக்கம் ஒரு கொக்கி போட்டு மாட்டியிருந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அனுமதி கொடுத்தது நான்தான். நான் ரேடியோவை மாட்டியதும் அதே கொக்கிக்கு நான்கு விரல் கீழேதான்.

ஞாயிறு மாலை மேகம் கட்டிக்கொண்டு வந்தது. நான் தெலுங்கு அம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கம்மாள் எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள்.

"சார், செத்த நவுருங்க. கொக்கிய எடுக்கணும், மழ வருது."

எடுத்தாள். தெலுங்கு அம்மாள் பாதி வாக்கியத்தில் காணாமல் போனாள்.

"இன்னா பண்ண?" என்றேன்.

"இன்னா பண்ணுவாங்க, கொடியத்தான் எடுத்தேன்."

"திரும்ப மாட்டு."

மாட்டினாள். தெலுங்கு அம்மாள் வந்துவிட்டாள்.

"எடு."

போனாள்.

"மாட்டு."

ஏழு தரம் சம்பந்தி. ஏழாவது தரம் அங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னா சார் இது, லைட்டு சுச்சா? எடு மாட்டு, எடு மாட்டுன்ற! அங்க பொடவ எல்லாம் நனையுது!"

எனக்கு மட்டும் அந்த மழையிலும் வியர்த்தது. கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டேன். "அங்கம்மா, செவ்வாக்கெழம கொடி கட்டுவியா?"

"செவ்வா வெள்ளியில யாரு சார் மீனு வாங்கறா? யாவாரம் இல்லன்னா துணி ஏது? சும்மா கெடந்தா காக்கா ஒக்காந்து அசிங்கம் பண்ணும்னு சுருட்டி வெச்சிடுவேன்."

"அமாவாசைக்கு?"

"அமாவாசைக்கு மீனு வாங்கிப் போனா பொண்டாட்டி வூட்ல சேத்துக்குவாளா? இன்னா கேள்வி கேக்கற சார் நீ!"

நான் அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மயக்கமா, சோடா வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். என்ன சொல்வேன்? புதுச்சேரிக்கு மேலே விரதம் இருந்தது அயனி மண்டலம் இல்லை, அங்கம்மாளின் வாடிக்கையாளர்கள். அறுபது அடிக் கம்பி தூரத்து அலைகளைப் பிடித்துக் கொண்டுவந்து ரேடியோவின் பக்கத்தில் இறக்கியிருக்கிறது, நான் அதைப் பெட்டியின் திறமை என்று எழுதியிருக்கிறேன். தாங்கள் கண்ணாடி போட்டுச் சட்டகத்தில் மாட்டப்போவதாகச் சொன்ன அந்த நான்கு வண்ண வரைபடம் நெல்லித்தோப்பு மீன் வியாபாரத்தின் வரைபடம்.

சந்தேகத்துக்குத் திங்களும் செவ்வாயும் எதிர் மூலையில், கம்பி கிம்பி இல்லாத இடத்தில் உட்கார்ந்து, ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்த்தேன். இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. இதில் நேற்று, செவ்வாய்க்கிழமை, அங்கம்மாள் எனக்காகவே கொடியைக் கட்டி அதில் ஒரே ஒரு துண்டைக் காயப்போட்டிருந்தாள். "ஒன் ரேடியோ பாடட்டுமேன்னு போட்டேன் சார்" என்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அங்கம்மாளிடம் விஷயத்தைச் சொல்லித் தொலைத்ததில் மார்க்கெட்டுக்கும் செய்தி போய்விட்டது. கறிவேப்பிலை வாங்கப் போனால், "இன்னா சார், இன்னிக்கு வானம் லீவா?" என்று கேட்கிறார்கள்.

ஆகவே இதன் மூலம் என் அறிக்கையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கருவிக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் பெட்டி பார்க்க லட்சணமாக இருப்பதற்காக. ஜானகிராமனிடம் தாங்களே சொல்லிவிடுங்கள், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கூட்டத்தில் என் பெயரைச் சொல்லாமல் 'சோதனையில் ஒரு சிறு தவறு' என்று மட்டும் சொல்ல முடியுமானால், வேண்டாம், பெயரையே சொல்லிவிடுங்கள். கை தட்டு வாங்கியது அந்தப் பெயர்தானே. மாப்பிள்ளையிடம் அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லுங்கள். பெண்ணைப் பெற்றவன் எழுதக்கூடாத கடிதம் இது என்று தெரியும். இதற்காக அபியை யாரும் கேலி செய்ய மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

அபிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாளுக்கு மேனகாவின் அன்பான விசாரிப்பு. கொடுத்தனுப்பியிருக்கும் நார்த்தங்காய் ஊறுகாயை இரண்டு நாள் வெயிலில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள், இரண்டா நான்கா என்று சரியாகக் கேட்கவில்லை. எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஐந்துக்கு ஐந்து போட்ட அதே கையால்,
புருஷோத்தமன்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை இரவு:

இந்தக் கடிதம் இரண்டு நாளாக ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. மேனகா இதைப் படித்துவிட்டு, "ஒங்க மானத்த நான் தூக்கிட்டுப் போவ மாட்டேன், நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று எழுதிக் காட்டினாள். எழுதிக் காட்டியது கோபத்தில் என்று நினைத்தேன். எனக்குக் கொண்டுவரத் தைரியம் வரவில்லை. இன்று மாலை வாசலில் மொபெட் நின்றது. ஜானகிராமன், கையில் பால்கோவா.

மருமகள் பொறுக்க முடியாமல் நேற்றே அவரை வேறு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். இரண்டு காதிலும் கல் மாதிரி அழுக்கு. அரை மணி நேரம் சுத்தம் செய்தார்களாம். "ஒலகமே புதுசா கேக்குது சார்! பல்லி கத்தறது கேக்குது! எங்க வூட்ல யாருக்கும் தெரியல, நீங்கதான் போன்லயே கண்டுபிடிச்சீங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் கூசிப் போய் அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். அங்கம்மாள் பிள்ளைச்சாவடிக்குப் போயிருந்தாள், கொடி சுருட்டிக் கிடந்தது. மேலே எழுதியது எல்லாவற்றையும் அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "நீங்களே பாருங்க, கொடி இல்லன்னா வெறும் இரைச்சல்" என்று ரேடியோவைப் போட்டுக் காட்டினேன்.

அவர் கொஞ்சம் தலையைச் சாய்த்தார். "மலையாளம் சார். சின்னதா இருக்கு, ஆனா சுத்தமா இருக்கு. நியூஸ் படிக்கறாங்க" என்றார்.

என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்று நினைத்தேன். மேனகாவைக் கூப்பிட்டேன். துவையல் அரைத்த கையோடு வந்தவள், யாரும் கேட்காமலே, "திருவனந்தபுரமா? மழையப் பத்தி ஏதோ சொல்றானே" என்றாள். ரேடியோ என் கையில் இருந்தது. காதில் வைத்தேன். இரைச்சல்தான் சம்பந்தி. அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறார்கள், எனக்கு இரைச்சல்தான்.

மேனகா என் காதருகே வந்து, அங்கம்மாள் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். "ரெண்டு வருஷமா இதத்தான் சொல்லிட்டு இருக்கேன்! நான் ஒண்ணும் மெதுவா பேசல!" ஜானகிராமன் என் தோளில் கை போட்டார். "கருவி மேல குறை இல்ல சார்" என்றார். "மொதல்ல காத காட்டுங்க." நான் சொன்ன அதே வார்த்தைகள். என் குரலில் சொல்லவில்லை, அவர் குரலில் சொன்னார்.

ஆகவே ஞாயிறு ஆர்டரை நிறுத்த வேண்டாம். கருவிக்கு ஐந்துக்கு நான்கு என்று ஜானகிராமன் சொல்கிறார், அதையே எழுதிக்கொள்ளுங்கள். அயனி மண்டலம் பற்றிய பகுதி மட்டும் கட்டாயம் வாபஸ். நாளை பத்தரை மணிக்கு அவருக்கு வாங்கி வைத்திருந்த நேரத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். மேனகாவும் கூட வருகிறாள், டாக்டர் சொல்வதை எனக்குத் திருப்பிச் சொல்வதற்கு.